சுகுணாவின் கடைசித் தோல்வி

செய்தி வந்தபோது ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம், கண்ணாடியில் கறுப்புத் துணி ஒட்டிய ஹெல்மெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு தெருநாய். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன். என் சக ஆய்வாளர் சுகுணாவின் கணவர் ரகு, “போயிட்டா, பாஸ்கர்” என்றார். நான் நின்ற அந்தச் சோதனையை வகுத்தவரே சுகுணாதான்.

விலங்குகளின் நடத்தையை ஆராயும் எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். சோதனைக்கு முன் விலங்கு என்ன செய்யும் என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். யாருடைய ஊகத்தை விலங்கு பொய்யாக்குகிறதோ, அவர் எல்லோருக்கும் உஸ்மானியா பிஸ்கட் தர வேண்டும். சுகுணா கொண்டுவந்த வழக்கம் இது. “தோத்துப் போறதுக்குத்தானே இவ்ளோ கஷ்டப்பட்டு சோதனை வைக்கிறோம்? ஜெயிக்கணும்னா வீட்லயே உக்காந்து யோசிச்சுக்கலாம்” என்பார்.

ஒருமுறை இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் கோழித்துண்டை ஒளித்து வைத்தோம். மோப்பம் பிடிக்காதிருக்க இரண்டிலும் கோழிச்சாறு தடவியிருந்தோம். யாரும் கை காட்டாமலே நாய்கள் சரியான கிண்ணத்துக்குப் போயின. நான் துள்ளிக் குதித்தேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த சுகுணா, “நக்கோ, வேண்டாம் பாஸ்கர், கண்ணை மூடிட்டு நில்லுங்க” என்றார். மூடினேன். நாய்கள் தடுமாறின. அதுவரை நான் என்னை அறியாமல் சரியான கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! “நாம நாயைப் பாக்குறோம்னு நெனச்சோம். அது நம்மளைப் பாத்துட்டிருக்கு!” என்று அவர் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார். தோற்றது நான்தான்; எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் கடைசிச் சோதனை. தடுப்புக்குப் பின்னால் உணவை ஒளிக்கும்போது ஒருவர் பார்ப்பார். மற்றவர் ஹெல்மெட்டுக்குள் இருப்பார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தைக் காட்டுவார்கள். நாய் யாரை நம்பும்? “கை காட்டுறது அதுக்குப் புரியும். யார் பாத்தாங்கன்னெல்லாம் புரியாது” என்று நோய்ப் படுக்கையிலிருந்தே சுகுணா அடித்துச் சொன்னார். நான் புரியும் என்றேன். முடிவு தெரியும்வரை உயிரோடிருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. அது நடக்கவில்லை.

நாங்கள் நிறுத்தவில்லை. உணவை ஒளித்ததைப் பார்த்தவர் யார் என்பதை மறைத்து, படப்பதிவுகளை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அவருடைய பதில் இரங்கல் கூட்டத்தன்று காலையில் வந்தது. எங்கள் குறிப்போடு ஒப்பிட்டால், நாய்கள் பெரும்பாலும் பார்த்தவர் பக்கமே போயிருக்கின்றன! துக்க வீடு என்பதையும் மறந்து ரகுவுக்குப் போன் செய்து கத்தினேன்.

மாலையில் கூட்டத்துக்கு ரகு இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தார். பிரித்தால் உஸ்மானியா பிஸ்கட்.

“அவ தோத்துட்டா. இருந்திருந்தா ஓடி வந்து குடுத்திருப்பா. எடுத்துக்கோங்க.”

அழுதுகொண்டே தின்றோம். இப்போதும் ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் என் ஊகத்தை உரக்கச் சொல்கிறேன், அது தவறாகப் போக வேண்டும் என்ற ஆசையோடு. சுகுணாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஆசையைத்தான்.