மாமா நோட்டில் ஏழாவது வரி

எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். ஆம்பூரில் தோல் கம்பெனியை நம்பிப் பிழைத்த தெரு அது. அப்பாவுக்குத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "சாஃப்ட்" என்று ஒரு பக்கம் அடுக்குவார். இல்லையென்றால் "ஹார்ட்" என்று இன்னொரு பக்கம் வீசுவார். சாஃப்ட் கப்பலேறிச் சீமைக்குப் போகும். ஹார்ட் எங்கேயும் போகாது.

அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்துவிட்டது. வேகாத பருப்பு ஹார்ட், ஆறிப்போன களி ஹார்ட், கணக்கு வராத என் மண்டையும் ஹார்ட். எட்டு வயதில் அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்தவரை நான் கரைகண்டவள் என்றுதான் இருந்தேன். மாமாவின் நோட்டு கையில் கிடைக்கும்வரை அந்த மிதப்பு இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஜெர்மன் சண்டை வந்தபோது, பட்டாளத்துக் குதிரைகளுக்குச் சேணம் தைக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். மாமாவும், அதே கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த ஆலங்காயத்துச் சிநேகிதரும் ஒரே நாளில் பெயர் கொடுத்து ஒரே கப்பலில் பஸ்ராவுக்குப் போனார்கள். அங்கிருந்து ஆற்றோடு மேலே போன இடத்தில் துருக்கிக்காரர்கள் அவர்கள் பட்டாளத்தை வளைத்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்களை மாதக்கணக்கில் நடத்தியே கூட்டிப்போய், மலையைக் குடைந்து ரயில்பாதை போடுகிற இடத்தில் கல்லுடைக்க விட்டார்களாம். சண்டை முடிந்து மாமா திரும்பினார். சிநேகிதர் திரும்பவில்லை.

இதற்குமேல் மாமாவிடமிருந்து ஒன்றும் பெயராது. எங்கள் ஊர் சாயபுமார்களுக்குத் துருக்கி ராஜாவின்மேல் மரியாதை ஜாஸ்தி. தெருக்கோடி பாய், துருக்கியைக் கண்ணால் பார்த்த ஆள் என்று மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "அங்க எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்பார். "குளிர் ஜாஸ்தி பாய்" என்பார் மாமா. அத்தோடு சரி.

நோட்டு அவருடைய தகரப்பெட்டியில் கிடந்தது. உள்ளங்கை அளவு, கறுப்பு அட்டை. மாமாவோடு சிறைப்பட்டிருந்த வெள்ளைக்கார டாக்டர் கொடுத்தது. மாமா மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர். அதனால் டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைக் காவல்காரர்களிடம், காதில் விழுந்து பழகிய துருக்கியில், எடுத்துச்சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. பக்கத்தை மூன்றாக மடித்துக் கோடு போட்டிருந்தார். இடப்பக்கம் இங்கிலீஷ், நடுவில் துருக்கி வார்த்தை தமிழ் எழுத்தில், வலப்பக்கம் தமிழ். தண்ணீருக்கு ஒரு வரி, ஊசிக்கு ஒரு வரி, கம்பளிக்கு ஒரு வரி என்று ஓடிக்கொண்டிருந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் முழுக்க முழுக்க ஹார்ட்.

நான் வாயைப் பிளந்தேன். கல்லு ஹார்ட் என்றால் துருக்கியில் ஸெர்ட். வேலை ஹார்ட் என்றால் ஸோர். ரொட்டி ஹார்ட் என்றால் பயாட். காது ஹார்ட், அதாவது மந்தம் என்றால் ஆயிர். இங்கிலீஷில் காதுகூட ஹார்ட் ஆகும் என்பதே எனக்குப் புதுசு. குளிர் ஹார்ட் என்றால் செட்டின். மனசு ஹார்ட் என்றால் கட்டி. அந்தக் கட்டி நம் வீட்டு வெல்லக்கட்டி போலவே ஒலித்ததில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏன் மாமா, ஒண்ணுக்கே இத்தனையா?"

"நான் முதல்ல எல்லாத்துக்கும் ஸெர்ட் ஸெர்ட்டுன்னேன். காவல்காரன் ஒருத்தன், பெரிய மீசக்காரன், சிரிச்சுட்டான். கல்லுக்கு வேற, ரொட்டிக்கு வேறன்னு அவன்தான் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தான்" என்றார் மாமா. சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா எல்லா ஹார்டையும் ஒரே குவியலில் வீசுகிறவர். அந்த ஊரிலோ ஒவ்வொரு ஹார்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஆறு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்! எப்பேர்ப்பட்ட மனுஷர்களாக இருப்பார்கள் என்று பிரமித்துப்போனேன். யாருக்கும் சொல்லாமல் அந்தப் பக்கத்தை நெட்டுருப் போட ஆரம்பித்தேன். மூன்று பத்தியையும் சேர்த்து மனப்பாடம் செய்ய ஒரு மாதம் பிடித்தது. வலப்பக்கத்தில் அர்த்தம் மட்டும் இல்லை, கூடவே இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களும் இருந்தன. அவற்றில் எல்லாம் 'அவன்' என்று ஒருவன் வந்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் தினமும் சந்தைக்குப் போகிற 'அவன்' மாதிரி, ஊர்பேர் இல்லாத ஒருவன் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவதாக ஒரு வரி இருந்தது. மண்ணு ஹார்ட். அதற்கு நேராகத் துருக்கி இடம் காலியாக இருந்தது. மாமாவிடம் கேட்டதற்கு, "அதுக்குக் கேக்க வேண்டி வரல" என்றார். மாமாவின் துருக்கி அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று, ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நானும் அதை வெளியில் சொல்லவில்லை.

சீத்தாப்பழக் காலம் வந்தால் ஆலங்காயத்து அம்மா வருவார். திரும்பி வராத அந்தச் சிநேகிதரின் தாயார். காட்டுச் சீத்தாப்பழம் ஒரு கூடை நிறையப் பறித்து, வாணியம்பாடி வரை நடந்தும் வண்டியிலும் வந்து, அங்கே ரயிலேறி ஆம்பூரில் இறங்குவார். கூடையை மாமா முன்னால் இறக்கிவிட்டு, ஒரே கேள்விதான் கேட்பார். "எம்புள்ள கடைசில எப்டி இருந்தான், சொல்லு தம்பி."

மாமாவும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வார். பெரிய ஆஸ்பத்திரி. வெள்ளைத் துப்பட்டி விரித்த கட்டில். வேளாவேளைக்குப் பால். ஒருநாள் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தவன் தூக்கத்திலேயே போய்விட்டான், ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு வார்த்தை கூடாது, குறையாது. அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். சொல்லி முடித்ததும் மாமா கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவுவார். வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். பழங்களை அவர் தொடமாட்டார். மாமாவுக்குச் சீத்தாப்பழம் பிடிக்காது என்பது என் பாக்கியம். கூடை முக்கால்வாசி எனக்குத்தான் வரும்.

அந்த வருஷமும் அப்படியே நடந்தது. கட்டில், துப்பட்டி, பால் எல்லாம் சொல்லிவிட்டு மாமா முகம் கழுவப் போனார். வந்தவரைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்று அப்பா தொண்டையைக் கனைத்தார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், இழவு சொல்ல வந்தவராக இருந்தால்கூட, நான் கைகட்டி நின்று இங்கிலீஷ் சொல்லிக் காட்ட வேண்டும். அது அப்பாவின் பெருமை.

"பாப்பா, அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லு. போன வருஷம் சொன்ன ஜெபம் வேணாம். புதுசா சொல்லு."

இதற்காகத்தானே ஒரு மாதம் காத்திருந்தேன். நடுவீட்டில் நின்று, கையைக் கட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து ஆரம்பித்தேன்.

"ஸ்டோன் ஈஸ் ஹார்ட். ஸெர்ட். கல்லு கெட்டி. அவன் கை கிழிஞ்சிருக்கு. கட்டத் துணி குடு. வொர்க் ஈஸ் ஹார்ட். ஸோர். வேலை கஷ்டம். அவனுக்கு ஜுரம். இன்னிக்கு விட்டுடு."

"இன்னா பாஷ பாத்தீங்களா!" என்றார் அப்பா, தொடையைத் தட்டிக்கொண்டு.

"பிரெட் ஈஸ் ஹார்ட். பயாட். ரொட்டி கெட்டி. அவனுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. தண்ணில நனைச்சுக் குடு."

ஆலங்காயத்து அம்மா கையை உயர்த்தினார். "முன்பல்லா?"

"ஆமா. ரெண்டும்" என்றேன். கவனமாகக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"சின்னதுல புளியமரத்துலேர்ந்து வுழுந்தான்" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். பிறகு, "சொல்லு கண்ணு, மிச்சத்தயும் சொல்லு."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டியதும் தெரிந்தது. ஆனால் ஆட்டக்காரிக்குக் கொட்டு கேட்டுவிட்டது, இனி நிற்பாளா? காது மந்தத்தைச் சொன்னேன். வெடி வைத்ததில் அவன் காது போனதையும், கூப்பிட்டால் கேட்காது, அடிக்காதே என்பதையும் சொன்னேன். குளிரையும் அவனுக்குக் கம்பளி இல்லாததையும் சொன்னேன். மனசு கல்லான பெரிய ஆபீசரையும், நீயாவது அவரிடம் சொல்லிப்பார் என்று கேட்டதையும் சொன்னேன். கடைசியில், "கிரவுண்ட் ஈஸ் ஹார்ட். மண்ணு கெட்டி. இதுக்குத் துருக்கி இல்ல" என்று முடித்து, வணக்கம் வைத்தேன்.

யாரும் சபாஷ் சொல்லவில்லை. கொல்லை வாசற்படியில் மாமா ஈர முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுப்படியிலிருந்து அம்மாவும் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த அம்மா அழவில்லை. மாமாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "கைக்குத் துணி குடுத்தானா?"

"குடுத்தாம்மா."

"ஜுரத்துக்கு வுட்டானா?"

"வுடல."

"ரொட்டிய நனைச்சுக் குடுத்தானா?"

"தெனமும் குடுத்தான். அந்த மீசக்காரன்."

"காது கேக்கலன்னு அடிக்கிறத நிறுத்துனாங்களா?"

"அவன் இருக்கற அன்னிக்கு அடிக்கல."

"கம்பளி?"

"கெடைக்கலம்மா. என்னுதுல ரெண்டு பேரும் படுத்துக்கினோம்."

"பெரிய ஆபீசரு?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

நான் அசந்துபோய் நின்றேன். எனக்கு ஒரு மாதம் பிடித்த பாடம் அது. எழுத்து வாசனையே இல்லாத அந்த அம்மா ஒரே தடவை கேட்டு, ஆறையும் வரிசை தவறாமல் பிடித்துவைத்திருந்தார். இப்படி ஒரு மண்டையை நான் கண்டதே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தால் எல்லாப் பரிசையும் இவரே வாங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

"கடைசிக்கு மட்டும் ஏன் தம்பி அவங்க பாஷ இல்ல?"

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்துக்கும் நான் கேட்டாத்தாம்மா கெடைக்கும். அவன் போன அன்னிக்கு, மண்ணு கெட்டியா கீது, கடப்பாறை கேளுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு வாய் வரல. நான் நிக்கறத அந்த மீசக்காரன் பாத்தான். துப்பாக்கிய கீழ வெச்சுட்டு, கடப்பாறைய எடுத்துக்கினு வந்து அவனே தோண்டினான். பனில உறைஞ்ச மண்ணு. காலையில ஆரம்பிச்சவன் பொழுது சாயற வரைக்கும் தோண்டினான். ஒரு வார்த்த பேசலம்மா."

"ஆழமாவா?"

"மாரளவு."

"நரி கிரி தோண்டாம?"

"மேல கல்லு வெச்சான். பெரிய பெரிய கல்லு."

அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கி, எங்கள் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்தக் கை நல்லா இருக்கட்டும்" என்றார். எந்தத் திசையில் துருக்கி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கையை இறக்கிவிட்டு மாமாவிடம் சொன்னார்: "பாலு குடிச்சான், பாலு குடிச்சான்னு வருஷா வருஷம் சொல்லுவ. எம்புள்ளைக்குப் பால் வாட பட்டாலே வாந்தி வரும் தம்பி. மொத வருஷமே எனக்குத் தெரியும். நீயா சொல்ற வரைக்கும் வந்துகினே இருப்பம்னு இருந்தேன்."

மாமா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அந்த அம்மா கூடையில் கையை விட்டு நன்றாகப் பழுத்த ஒன்றாகத் தேடி எடுத்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவர் கையில் திணித்தார். "துன்னு."

மாமா தின்றார். சீத்தாப்பழம் பிடிக்காத மாமா, கொட்டையை உள்ளங்கையில் துப்பித் துப்பி, சின்னப்பிள்ளை மாதிரி தின்றார். அது தீர்ந்ததும் அந்த அம்மா அடுத்ததைப் பிட்டார். பிறகு இன்னொன்று. அவரும் தின்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டே இருந்தார்கள். கூடை பாதிக்குக்கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வரி தப்பாமல் சொன்னவளை மெச்சி ஒரு வார்த்தை இல்லை, இப்போது பழமும் போகிறது. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

அம்மா ஓடிவந்து என்னை வாரி அணைத்துக்கொண்டாள். "பச்சப்புள்ளைக்கும் தாங்கல பாரு" என்று அவளும் அழுதாள். அப்பா என் தலையைத் தடவினார். ஆலங்காயத்து அம்மா எட்டி என் கன்னத்தைத் துடைத்து, "அழாத கண்ணு, அவனுக்காக அழறதுக்கு நீயும் ஒருத்தி கெடச்சியே" என்றார். பழத்துக்காக அழுகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.