கொக்கிக்கும் ஏணிக்கும் என்ன முறை?

எம்.ஏ. உளவியல் முடித்த கையோடு அப்பா எனக்கு ஒரு கெடு வைத்தார். சித்திரைத் திருவிழாவுக்குள் பிஎச்.டி. பதிவாகிவிட வேண்டும். இல்லையென்றால் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்துவிடுவார். "படிப்பா, தாலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுத்தா" என்றார். மாப்பிள்ளை தங்கமானவர் என்று வீடே சொன்னது. இருக்கட்டுமே. எனக்குப் படிக்க வேண்டும்.

பதிவுக்குத் தேவை பேராசிரியரின் ஒரே ஒரு கையெழுத்து. மனிதர் இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். மதுரையின் பங்குனி வெயிலிலும் டையைக் கழற்ற மாட்டார். "முதல்ல என் ஆய்வு முடியட்டும்மா, அப்புறம் உன் ஃபாரத்தைப் பாப்போம்" என்று சொல்லியே என்னை ஆறு மாதம் அட்டை தூக்க வைத்தார்.

ஆய்வு இதுதான். அர்த்தமில்லாத சில கிறுக்கல்களை அட்டைகளில் வரைந்து காட்ட வேண்டும். முதல் கிறுக்கல் இரண்டாவதோடு சேரும், இரண்டாவது மூன்றாவதோடு சேரும் என்று மட்டும் பழக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் சேரும் என்பதை யாரும் சொல்லித் தராமல் ஆள் தானாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். "புறாவுக்கு இது வராதும்மா. மனுஷ மூளைக்குத்தான் வரும்" என்பார் பேராசிரியர். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வந்தது. அடுத்து, பள்ளிக்கூடம் போகாதவர்களைச் சோதிக்க வாடிப்பட்டிப் பக்கம் ஓர் ஊருக்குப் போனோம்.

களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கிறுக்கல்களுக்குக் கொக்கி, சுழி, ஏணி, கவட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால், "இது எதுக்குத் தாயி அதோட சேரணும்?" என்ற கேள்வியைத் தாண்டி வரவில்லை. பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. "கிராமத்து ஆளுகளுக்கு விளங்குற மாதிரி நான் சொல்றேன் பாரு" என்று முன்னால் வந்தார். "ஒவ்வொண்ணும் ஒரு வீடுன்னு வச்சுக்கங்க. கொக்கி வீட்டுக்காரங்க சுழி வீட்டுல பொண்ணெடுத்திருக்காங்க. ஏணி வீட்டுக்காரங்களும் சுழி வீட்டுலதான் பொண்ணெடுத்திருக்காங்க."

அவ்வளவுதான், அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டே சுற்றில் மனப்பாடம். அடுத்தது பரீட்சை. "கொக்கி வீடு இனிமே யாரோட சம்பந்தம் பண்ணும்? ஏணியா, கவட்டையா?"

"கவட்டை" என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். ஒருத்தி ஏணி அட்டையைத் தள்ளியே வைத்துவிட்டாள். ஏணி என்ற விடையை எதிர்பார்த்திருந்த பேராசிரியர் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டார். "பாத்தியாம்மா? புறாதான்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போனார்.

அட்டைகளைப் பொறுக்கும்போது, தள்ளி வைத்தவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"கொக்கியும் ஏணியும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்தா ரெண்டு பேரும் பங்காளி முறை ஆயிருச்சுல்ல? ஏணி மக கொக்கி மகனுக்குத் தங்கச்சி. அண்ணன் தங்கச்சிக்கா கட்டி வைப்பாக? இம்புட்டுப் படிச்சிருக்க, இது தெரியலையா தாயி?"

எனக்குக் காது மடல் சுட்டது. அவர்களுக்குச் சேர்க்கத் தெரியாமல் இல்லை. சேர்த்துப் பார்த்து, என்ன முறை என்பது வரைக்கும் போய்விட்டார்கள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அது உறைக்கவில்லையே!

மறுநாள் இதைச் சொல்லத்தான் பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். "பையன் டாக்டரா இருந்தா எனக்கென்ன? அவங்கப்பாவும் எங்கண்ணனும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்தவங்க. பையன் எம்பொண்ணுக்கு அண்ணன் முறை ஆகுது. இதுகூடத் தெரியாமலா வரன் கொண்டு வாரீக?"

அவர் போனை வைத்ததும் சொன்னேன். "சார், அந்தப் பொம்பளைங்களும் இதையேதான் சொன்னாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது குடும்பம். இது சைன்ஸ். ரெண்டையும் போட்டுக் குழப்பாதம்மா." பிறகு மேஜை மேலிருந்த என் ஃபாரத்தை விரலால் கொஞ்சம் தள்ளினார். "ரிப்போர்ட்டை டைப் பண்ணிட்டு வா. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவோம்."

போராடினேன் என்று சொல்ல ஆசைதான். எங்கே! 'இம்மக்களிடம் தொடர்பறியும் திறன் காணப்படவில்லை' என்ற வரியை ஒரு பிழையில்லாமல் அடித்தேன். என் பயந்தாங்கொள்ளி விரல்கள் அன்று அடித்த வேகத்துக்கு எந்த ஆபீஸிலும் வேலை கிடைத்திருக்கும். சாயங்காலம் கையெழுத்து வந்தது. பட்டறைக்காரருக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், வண்டியூரில், யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஏணியைத் தள்ளி வைத்தவள்! வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"ஏந்தாயி, நாங்கள்லாம் பாஸா?"

"எல்லாரும் பாஸுதான்" என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் நின்றவளை இடித்து, "நாஞ் சொன்னேன்ல?" என்றாள். அப்புறம் என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்த டை கட்டுன சாருக்குத்தான் பாவம், முறையே தெரியல. போகப் போகக் கத்துக்கிருவாரு. அவரைப் பெயிலாக்கிப்புடாத தாயி."