வேப்பங்குலை கட்டிய கிணறு

வாந்திபேதி கண்ட ஊரில், சந்தேகத்துக்கு இடமான கிணற்றை முதலில் மூட வேண்டும். நீரைச் சோதனைக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. விதி இவ்வளவுதான். பின்னாளில் உத்தியோகத்தில் இருந்தபோது இதை எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். என் அப்பா அறிந்திருந்தது இதன் பின்பாதியை மட்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேர் பார்த்துக் கூட்டம் திரும்பிய வாரம், இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சாவு விழுந்தது. பெண்கள் தெருக் கிணற்றின் குறுக்கே வேப்பங்குலை கட்டினார்கள். அம்மன் உள்ளே இறங்கியிருக்கிறாள். குலை காய்ந்து உதிரும்வரை யாரும் வாளி விடக்கூடாது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆதாரமில்லாத எதையும் நம்புவதில்லை என்பதை, மற்றவர்கள் நாமம் போட்டுக்கொள்ளும் சிரத்தையோடு தினமும் சொல்லிக்கொள்வார்.

“கிணத்துக்குள்ள இறங்குனவளுக்கு இந்நேரம் தடுமம் புடிச்சிருக்குமே,” என்று சிரித்தார்.

அவருடைய அக்கா, என் அத்தை, சிரிக்கவில்லை. “ஏலே, அம்மனை நம்பாட்டா போ. செத்த ரெண்டு வீடும் இந்தத் தண்ணிதானே குடிச்சுச்சு? புள்ளைகளுக்காவது தோட்டத்துத் தண்ணி எடுத்தாரேன்.”

“சோதிச்ச காயிதம் வரட்டும்க்கா. அதுவரைக்கும் இது நல்ல தண்ணி.”

ஒரு புட்டியில் கிணற்று நீரை அடைத்து, வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சுகாதார ஆபீசில் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் தெருவே பார்க்கக் குலையை அறுத்தெறிந்து நீர் இறைத்தார். தானும் குடித்து, எனக்கும் தங்கைக்கும் கொடுத்தார். அத்தை சுமந்துவந்த தோட்டத்துக் குடத்தை வாசலில் கவிழ்த்தது நான். அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் தங்கை போய்விட்டாள். கடைசிவரை அவள் கேட்டது தண்ணீர். நாங்கள் கொடுத்ததும் அதே தண்ணீர்.

அத்தை புதுக் குலை கட்டினாள். அப்பா இம்முறை அதை அறுக்கவில்லை. தினமும் விடியலில் அதை ஓரமாக ஒதுக்கி, ஒரு செம்பு நீர் இறைத்து, நின்றபடியே குடித்து முடித்தார். கொள்கையில் தளராதவர் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தக் கிணற்றிடம் அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கிணறும் அவருக்கு அதைக் கொடுக்கவில்லை.

குலை உதிர்ந்து, அம்மனும் கிளம்பிப் போய், தெருவே மறுபடி அங்கு நீர் எடுக்கத் தொடங்கியிருந்தது. நீர் குடிக்கத் தகாதது, கிணற்றை உடனே மூடவும் என்ற பதில் வந்து சேர்ந்தது கார்த்திகை ஒன்பதாம் தேதி.