அசாம் ஜாவா குதிரைமேல் எனக்கிருந்த பொறாமை

பேச்சு வராத பிள்ளையைக் குதிரைப் பயிற்சிக்கு அழைத்துப் போகலாமா என்று ரவாங்கிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார். போகலாம். நான் 1986-இல் போனேன். ஆனால் என்னைப் போலப் போகாதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அப்போது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் மாலதிக்கு ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும், வாய்தான் திறக்காது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. கண்ணைப் பார்த்தே தண்ணீரா, சோறா, தூக்கமா என்று சொல்லிவிடுவேன். பெற்றவளுக்கே புரியாதது எனக்குப் புரியும் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸிதான் வழி சொன்னார். அசாம் ஜாவாவில் ஒரு சீன அம்மா இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பழக்குகிறாராம், காசு வாங்குவதில்லையாம்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்குக் கிளம்பினோம். டவுனுக்கு நான்கு கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில். ஏழே முக்காலுக்கு பஸ். டிக்கெட் எண்பது காசு, மடியில் உட்காரும் பிள்ளைக்கு இல்லை. வழியெல்லாம் இருபுறமும் செம்பனைதான், ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட வேண்டாம். இறங்கியபின் இரண்டு கிலோமீட்டர் மண் சாலை. அவளைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். போய்ச் சேர ஒன்பது மணி.

குதிரை பெயர் ராணி, வயதான பழுப்புக் குதிரை. அதைப் பிடித்து நடத்தியவர் முனியாண்டி, பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முறை ஒன்றுதான்: மேலே உட்கார்ந்த பிள்ளை வாய் திறந்து 'நட' என்று சொன்னால்தான் குதிரை அடியெடுத்து வைக்கும். மாலதி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. அவள் கண் என்னைத் தேடியது. பொறுக்க முடியாமல் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானே 'நட' என்றேன். குதிரை நடந்தது.

முனியாண்டி குதிரையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க ஒட்டுக்கடைல போயி தேத்தண்ணி குடிங்கலா. நீங்க நிக்கிற வரைக்கும் பாப்பா வாயத் தொறக்காது."

சுருக்கென்றது. மூன்றாவது வாரமும் அப்படித்தான் துரத்தினார். தேநீர் குடித்துத் திரும்பினால் ராணி நடந்துகொண்டிருக்கிறது, முனியாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். மாலதி சொல்லிவிட்டாளாம். ஆறு வருடம் நான் காத்திருந்த குரலை முதலில் கேட்டது ஒரு குதிரை! எனக்கு வயிறு எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பொறாமைப்பட்டேன். பஸ்ஸில் வரும்போது 'அப்பா' சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் குதிரைக்குச் சுகமில்லை என்று மனைவி சரசுவிடம் பொய் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அதே பொய். குதிரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, சுகமில்லாதது எனக்குத்தான்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை மாலதி தானே சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு என்முன் வந்து நின்றாள். கண்ணைப் பார்த்தேன், புரிந்தது. புரியாத மாதிரி பேப்பரைப் பிரித்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நட."

பேப்பரை மடித்து வைத்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கோபமாக மறுபடியும் சொன்னாள். ராணிக்கு ஒரு தடவை போதும், எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. 'ராணி' என்ற சொல் இரண்டே மாதத்தில் வந்தது. 'அப்பா' வர ஒரு வருடம் ஆனது. அந்தக் குதிரைமேல் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டன, தேடிப் போகாதீர்கள். வேறெங்கே போனாலும் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பிள்ளைக்கு நீளக் காற்சட்டை போடுங்கள். தண்ணீர் போத்தல் கட்டாயம் வேண்டும், ஆனால் நீங்களாக நீட்டாதீர்கள். பிள்ளைக்குத் தாகம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவள் கேட்கட்டும்.