கரும்பு வெட்டும் கைக்கு ஒரு பிஸ்டல்

தகுதிப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அஞ்சலை சுட்ட குண்டுகள் எல்லாம் கறுப்பு வட்டத்தின் இடது ஓரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி விழுந்தன. கிளப் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த வாட்டி மார்க் வரலன்னா அந்த பிஸ்டலை வேற ஆளுக்குக் குடுத்துடலாம் சார். சும்மா ஒருத்தர் கையிலயே கெடந்தா எப்படி?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த பிஸ்டலை அஞ்சலைக்குத் தேர்ந்தெடுத்தவன் நான்.

ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, காலம் ஓட்டிவிட்டு, இப்போது கள்ளக்குறிச்சியில் இந்த கிளப்பின் ஏர் பிஸ்டல்களைக் கவனித்துக்கொள்கிறேன். அஞ்சலை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுபவர். வயது நாற்பதை நெருங்குகிறது. ஊர்க்காவல் படைப் பயிற்சியில் அவர் ரைபிள் சுட்டதைப் பார்த்த அதிகாரி ஒருவர் எங்களிடம் அனுப்பிவைத்தார்.

1. எடுத்த விதம்

நாலு மாசத்துக்கு முன் மூன்று பிஸ்டல்கள் ட்ரையலுக்கு வந்திருந்தன. பளபளவென்று இருந்ததில் செயலாளருக்குக் கண். நான் விடவில்லை. ட்ரிக்கர் இழுக்க ஐநூறு கிராமாவது வேண்டும் என்பது விதி. எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், மூன்றும் தேறின. பாரலிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் கிரிப்பில், கைப்பிடியில்தான். கண்ணை மூடிக் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால், குறிபார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் தாமாகவே நேராக நிற்க வேண்டும்.

அஞ்சலையின் கையை வெள்ளைத்தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தேன். விரலடியெல்லாம் கெட்டியான காய்ப்பு. பெண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சின்ன கிரிப் அவருக்குப் போதவில்லை. அடுத்த அளவை எடுத்து, இரண்டு இடத்தில் அரத்தால் ராவிக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தார். சைட் நூல் பிடித்த மாதிரி நின்றது.

"எனக்குன்னே செஞ்சாப்புல கீது சார்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. போட்டி முடிகிறவரை கத்தியைத் தொடாதீங்க, கைக்கு ஓய்வு வேண்டும் என்று புத்திமதி வேறு சொன்னேன். அவரும் வெட்டை விட்டுவிட்டு, கூலி கம்மி என்றாலும், ஊரில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனார்.

2. தேடிய விதம்

செயலாளர் அப்படிச் சொன்னதும் பிஸ்டலைப் பிரித்து மேய்ந்தேன். சைட் ஸ்குரூ சரி. பெல்லட் குண்டு டப்பாவை மாற்றினேன். காற்று சிலிண்டரில் பிரஷரும் சரி. கடைசியாகக் கிளாம்பில் இறுக்கிவைத்து ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டையில் போயின. அப்படியென்றால் குறை அஞ்சலையிடம்தான் என்று நானும் முடிவு கட்டினேன். அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவர் கிரிப்பைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, கையை அளந்த அந்தப் பழைய தாளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மேஜைமேல் விரித்து அதன்மேல் கையை வைத்தார். கோட்டுக்கும் கைக்கும் நடுவே சுற்றிலும் வெள்ளை தெரிந்தது. பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். காய்ப்பு உரிந்து, கை மெத்தென்று ஆகியிருந்தது.

"கரும்பு வெட்டுற கைக்கு எடுத்தீங்க சார். இப்ப அந்தக் கை எங்க கீது? நீங்கதான வெட்டாதீங்கன்னு சொன்னீங்க?"

இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி வெட்கப்பட்டதில்லை. தப்பு என்மேல்தாம்மா என்று ஒப்புக்கொண்டேன். மரப்புட்டி பூசி கிரிப்பை நிரப்பித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார்.

"போட்டி முடிஞ்சா நான் வெட்டுக்குத்தான் போவேன். அப்ப மறுபடியும் சுரண்டிக்கினு இருப்பீங்களா?"

நியாயம்தானே! பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி கிரிப்பில் ஒட்டினோம். எங்கே, எவ்வளவு கனம் என்று சொன்னவர் அவர்தான். குண்டுகள் நடுவுக்குத் திரும்பின. தகுதி மார்க்குக்கு மேல் இரண்டு மார்க் எடுத்தார். செயலாளர் அதன்பிறகு பிஸ்டல் பேச்சை எடுக்கவில்லை.

அஞ்சலை கத்தியைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்குப் போனார். கொஞ்ச நாள் கழித்துப் பயிற்சிக்கு வந்தவர், ட்யூப் பட்டையைத் தானே உரித்து என் மேஜைமேல் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் கல்வராயன் மலைக்கு பஸ் ஓட்டும் ஒருவர் பிஸ்டல் எடுக்க வந்தார். எந்தக் கம்பெனி நல்லது சார் என்றார். அது இருக்கட்டும், கையை நீட்டுங்க என்று தாளை எடுத்துப் போட்டேன். ஸ்டியரிங் பிடித்த கை, நல்ல அகலம். கோடு இழுக்கும்போதே அவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. போட்டி வரைக்கும் லீவு போடட்டுமா என்றார்.

"ஐயய்யோ, வேலைக்குப் போங்க" என்றேன்.