திருத்தணியில் மைக் நின்ற பிறகு

காலை ஒன்பது மணிக்குக் கனகம்மாசத்திரத்தில் பேருந்து நின்றது. திருத்தணிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த என் இடுப்பு, சங்கத்தின் மாநிலப் பொதுக்குழுவை இவ்வளவு தூரத்தில் வைத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் கூடினால் தீர்மானம் போடுவோம், சாப்பிடுவோம், கலைவோம். அதற்கு இத்தனை தூரமா?

திருத்தணி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர், "சாமி பாக்கவா, சங்கத்துக்கா சார்?" என்றார். சங்கத்துக்கு எண்பது ரூபாய். பங்கு போட இன்னொருவர் ஏறினார். மல்லிகா டீச்சர், நெசவுத் தறிகள் நிறைந்த அம்மையார்குப்பத்தை அடுத்த சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை.

"அஞ்சு கிளாசுக்கும் நான் ஒருத்திதான் சார். ஆபீஸ்ல மீட்டிங்னு கூப்ட்டா பசங்கள யார் பாக்கறது? ஓராசிரியர் பள்ளியே கூடாதுன்னு தீர்மானம் எடுத்துக்கினு வந்துருக்கேன். சங்கத்தோட முதல் கோரிக்கையா அது போவணும்."

"எத்தனையாவதா போட்டிருக்காங்க?"

"கடைசியாத்தான்."

கடைசித் தீர்மானத்தின் கதி எனக்குத் தெரியும். மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மல்லிகா டீச்சரை மண்டப மேடைக்கு அழைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மைக் நின்றது. "மிச்சத்தைச் செயற்குழு பாத்துக்கும்" என்று சங்கத் தலைவர் எழுந்துவிட்டார். மண்டபம் முழுக்கப் பேச்சு. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை "சத்தம் போடாதீங்க" என்று அதட்டினோம். அத்தனை ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் அமைதி உண்டாக்கினால் காது என்னத்துக்காகும்?

மல்லிகா டீச்சர் இரண்டு முறை கைதட்டினார். ஒன்றாம் வகுப்பை அடக்கும் தட்டு. என் கை தானாகத் திருப்பித் தட்டியது. மண்டபமே தட்டியது. "கை கட்டு" என்றார். சத்தியமாகக் கட்டினோம். தலைவரும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மைக் வாணாங்க. தறிச் சத்தத்துக்கு நடுவுல பாடம் நடத்தறவ நானு. போன மாசம் எனக்கு ஜுரம். பக்கத்து வூட்டு அம்மா தறிய நிறுத்திட்டு வந்து பசங்கள பாத்துக்கினு இருந்தாங்க. அவுங்களுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. இது முதல் கோரிக்கையா போவணும்ங்க. சரின்றவங்க கை தூக்குங்க."

அடேயப்பா, எத்தனை கைகள்! தலைவரின் கையும் மேலே இருந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பழக்கதோஷத்தில், "சரி, கைய இறக்குங்க. எல்லாருக்கும் விடை தெரிஞ்சிருக்கு" என்றார். சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரமானது. இறங்கி வந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பள்ளியில் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். மின்விசிறி யார் பக்கம் என்பதில் தினமும் சண்டை. திரும்பும் பேருந்தில் ஏறியதும் அந்த இன்னொருவரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஜெயிச்சாச்சு சார். திங்கக்கிழமை ஃபேனை உங்க பக்கமே திருப்பிக்கிடுங்க."