நூறு வோல்ட்டும் சின்னுசாமியும்

கூட்டத்தில் பேச எனக்கு வராது. எழுதும்போதும் எண் போட்டுக்கொண்டால்தான் வழி தவறாமல் இருப்பேன். சூரமங்கலத்தில் மோட்டார்களுக்குக் காயில் என்னும் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டிருந்த சின்னுசாமியைப் பற்றி, அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்ல வந்தவை:

1. எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கணினியை எரித்தது அவர் அல்ல.
2. அவர் கட்டிய டிரான்ஸ்பார்மரில் ஒரு பிழை இருந்தது. ஆனால் கணினி எரிந்ததற்கு அது காரணம் அல்ல.
3. அவர்மேல் பழி போட்டவர்கள் அவர் உயிரோடு இருந்தபோதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

சென்ற வாரம் அவருடைய மகள் செல்வி தொலைபேசியில், "அப்பா காலைல தவறிட்டாருங்க சார்" என்றார். உடனே போனேன். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில், என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த இருவர் இருந்தார்கள். "நம்ம கம்ப்யூட்டரைப் பொகைய வச்சவரு" என்றார் ஒருவர். "இன்னேரம் மேல எமன் ஊட்டு பீஸும் போயிருக்குமுங்க" என்றார் மற்றவர். செல்வி காதில் விழும் தூரத்தில்தான் நின்றார். எனக்குக் கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொற்களாக வரும்.

அந்தக் கணினி, முன்னாள் மாணவர் ஒருவர் காட்சிக்கு வைக்க அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மிகப் பழைய இயந்திரம். அங்கே மின்சாரம் 110 வோல்ட், நொடிக்கு அறுபது சுற்று. இங்கே 230 வோல்ட், ஐம்பது சுற்று. வோல்ட்டைக் குறைக்கச் சின்னுசாமி ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டித் தந்தார். ஆனால் சுற்றை டிரான்ஸ்பார்மர் மாற்றாது. நிரல் இருந்த தட்டைச் சுழற்றும் மோட்டார் மெதுவாக ஓடியதால் கணினியால் எதையும் படிக்க முடியவில்லை. இயற்பியல் ஆசிரியனான நான் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மோட்டாரில் பெல்ட் ஓடிய கப்பியைக் கழற்றிப்போய், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிப் பட்டறை ஒன்றில் அதைவிடச் சற்றுப் பெரிதாகக் கடைந்துவந்து மாட்டினார்.

"மோட்டாரு நம்மூரு வேகத்துலதான் ஓடுமுங்க. பெல்ட்டைத்தான் ஏமாத்தோணும்."

திரையில் எழுத்து வந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு, ஆய்வுக்கூடக் கருவிகளோடு டிரான்ஸ்பார்மரையும் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்தின் முன் அடுக்கினார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை எடுக்க மாட்டார்கள். அன்று பார்த்து, கணினியைக் கொடுத்தவர் ஊருக்கு வந்து, அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்கு டிரான்ஸ்பார்மரைத் தொட மனம் வரவில்லை. வந்தவருடைய பையில், வெளிநாட்டு பிளக்கை நம் சுவரில் மாட்ட உதவும் அடாப்டர் இருந்தது. அதை வாங்கி, கணினியை நேரே சுவரிலேயே சொருகிவிட்டார். அது வோல்ட்டைக் குறைக்காது; எந்த வோல்ட்டையும் ஏற்கும் மடிக்கணினிக்கு அது போதும். இதற்கும் போதும் என்று அங்கிருந்த படித்தவர்கள் அத்தனை பேரும் நினைத்தார்கள். புகை வந்தது.

பழியைக் காயில் கட்டியவர்மேல் போட்டார்கள். எழுத்து வந்தபோது கல்லூரி விழா மேடையில் அவர் பெயரைச் சொல்லவில்லை. புகை வந்தபோது மட்டும் எல்லோருக்கும் நினைவு வந்தது. டிரான்ஸ்பார்மர் தரும் வோல்ட்டை அளந்து எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். டிரான்ஸ்பார்மரின் கம்பி முனைகளில் சந்தனம் கலையாமல் காய்ந்திருந்தது. யாரும் அதை மாட்டவே இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அதை வாயால் சொன்னேன், எழுதவில்லை. '110 வரவேண்டிய இடத்தில் 100 வருகிறது' என்று கேட்டதற்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வரியைக் காட்டித்தான், இனிக் கல்லூரிப் பக்கம் வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்கள்.

பிறகு கடைக்குப் போய், "பத்து வோல்ட் எப்படிங்க குறைஞ்சுது?" என்று கேட்டேன்.

கையில் இருந்த கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தானா கொறையலீங்க சார், நாந்தான் கொறைச்சேன். நீங்க படிச்சவங்க, கணக்குப் போட்டுப் பாருங்க."

சமாளிக்கிறார் என்று நினைத்தேன். போட்டுப் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாக்கியம்தான். மேலே அந்த மூன்றையும் எழுதிய பிறகு, நேற்றுக் காலை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அறுபது சுற்றுக்குச் செய்த இயந்திரத்துக்கு ஐம்பது சுற்றில் முழு 110 வோல்ட்டையும் கொடுத்தால், உள்ளிருக்கும் இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகும். சுற்று குறைந்தால் வோல்ட்டையும் குறைக்க வேண்டும். நான் பாடம் நடத்திய விஷயம்தான் அது.

ஆகவே மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. டிரான்ஸ்பார்மரில் பிழை இல்லை. அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அன்று நான் எதில் கையெழுத்திட்டேன் என்று செல்விக்குத் தெரியட்டும்.